படகு வேண்டாத பறவைத் தீவு: சோலைக்கிளியைப் பார்க்கப் போவது எப்படி

பறவைத் தீவு என்றால் எல்லோருக்கும் கடல்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். லட்சத்தீவில் பிட்டி என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. மரம் கிடையாது, குடியிருப்பு கிடையாது, ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே போவதென்றால் அனுமதி, கப்பல், படகு, அலை அடங்குகிற நாள் என்று ஆயிரம் சங்கதி பார்க்க வேண்டும். கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் அந்த ஆசையை வளர்த்தேன், ஒரு நாளும் கிளம்பவில்லை. அப்புறம் ஒரு நாள், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சோலையைப் பற்றி (உயர்மலை மடிப்புகளில் இருக்கிற ஈரமான பசுமைக்காட்டைத்தான் இங்கே சோலை என்போம்) ஒரு கட்டுரை படிக்கும்போதுதான் உறைத்தது, நான் குடியிருப்பதே தீவில்தான்.

விஷயம் இதுதான். நீலகிரிக்கும், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அகலம் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர். நமக்கு அது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற தூரம். ஆனால் சோலையின் அடியில், வெயில் படாத ஈர இருட்டில், முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் பறக்காமல் வாழ்கிற ஒரு சிட்டுக்குருவி அளவுப் பறவைக்கு அந்தச் சூடான சமவெளி கடல்தான். லட்சக்கணக்கான வருடங்களாக வடக்கே இருப்பது வடக்கேயும் தெற்கே இருப்பது தெற்கேயும் நின்றுவிட்டதால் இரண்டும் வெவ்வேறு இனமாகிவிட்டன. நீலகிரிப் பக்கம் இருப்பது நீலகிரி சோலைக்கிளி. பழனி, ஆனைமலைப் பக்கம் இருப்பது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அகத்தியமலைப் பக்கம் மூன்றாவதாக ஒன்று. 2017இல் ஆய்வாளர்கள் இவற்றுக்குப் புதிதாக ஒரு பேரினப் பெயர் வைத்தபோது ‘சோலிகோலா’ என்று வைத்தார்கள், நம்முடைய சோலை அப்படியே அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. (கிளி என்றதும் பச்சையாக, மூக்கு வளைந்து இருக்கும் என்று நினைக்க வேண்டாம். என் மகள் முதல்முறை வந்து ஏமாந்து போனாள். இது கிளியே இல்லை, ராபின் மாதிரி நீலக் குருவி.)

சரி, போவது எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் காலம். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை பறவைகள் பாடுகிற காலம், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குக் கிடைக்கும். ஆனால் ஏப்ரல், மே என்றால் சீசன், ஊட்டி முழுக்க ஹாரன் சத்தம். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதிதான் சொல்வேன். டிசம்பர், ஜனவரியும் நல்லது, உறைபனியில் விடிகாலை கை விறைக்கும் என்றாலும் வானம் தெளிவாக இருக்கும், வடக்கிலிருந்து வலசை வருகிற பறவைகளும் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் காஷ்மீர் ஈப்பிடிப்பான்கூட ஊட்டிப் பக்கம் கிடைக்கும், காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு குளிருக்கு இங்கே இறங்குகிற பறவை அது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குந்தா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி தொட்டபெட்டாவின் மறைவில் இருப்பதால் அந்த மாதங்களில் அவ்வளவு மழை கிடையாது, எங்களுக்கு அடைமழை என்றால் அக்டோபர், நவம்பர். கொடைக்கானலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஐப்பசியில் வந்துவிட்டு ‘ஒரே மேகம், ஒன்றும் தெரியவில்லை’ என்று புலம்புகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

சொந்த வண்டியில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள், நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தலைவலியே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், பஸ் நிறைய உண்டு. ஒன்று மட்டும் மறக்காதீர்கள், விடிவதற்குள் சோலை ஓரத்தில் இருக்க வேண்டும் என்பதால் முதல் நாளே மேலே வந்து தங்கிவிடுங்கள். கீழே இருந்து காலை பஸ் பிடித்து வந்து பார்த்துவிடலாம் என்பது நடக்காத காரியம். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களை மலையில் தடை செய்திருக்கிறார்கள், செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எந்தச் சோலை என்பது அடுத்த கேள்வி. கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஈரநிலப் பட்டியலில் காடு எப்படி வந்தது என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். சோலைக்குள் கால் வைத்தால் பதில் தெரிந்துவிடும், தரை முழுக்க நனைந்த பஞ்சு மாதிரி இருக்கும். சுற்றியிருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதே அந்தப் பஞ்சுதான். உள்ளே நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், முந்தைய நாள் மாலையே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு வைத்துவிடுங்கள். ஊட்டியில் தங்குகிறவர்களுக்கு அவலாஞ்சி ரோட்டில் கெய்ர்ன்ஹில் இருக்கிறது. தொட்டபெட்டாவையும் ஒதுக்க வேண்டாம். 2637 மீட்டர், சுற்றுலாக் கூட்டம் என்று பெயரெடுத்த இடம்தான், ஆனால் கூட்டம் வருவதற்கு முன்னால் ரோட்டோரச் சோலையில் நின்றால் நீலகிரிச் சிரிப்பான் என்ற, சிரிப்பது போலக் கத்துகிற குருவி காலடியில் வந்து நிற்கும், அதற்கு மனிதனைப் பார்த்துப் பழகிவிட்டது.

முக்கியமான ஒன்று, ஒரு காலையில் ஒரே சோலை. மூன்று இடம் பட்டியல் போட்டுக்கொண்டு வண்டியில் பறப்பவர்கள் மூன்று பார்க்கிங்கைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எடுத்து வர வேண்டியது அதிகம் இல்லை. பைனாகுலர் ஒன்று, 8x42 போதும் (முன் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, பின் எண் முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்). 10x25 என்று சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னதை வாங்காதீர்கள், சோலை இருட்டில் அது உதவாது. கணக்கு எளிது, பின் எண்ணை முன் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேர்கிற ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 25ஐ 10ஆல் வகுத்தால் இரண்டரை. வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கடையில் வைத்துப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். உடுப்பு பச்சை, பழுப்பு, சாம்பல் எதுவானாலும் சரி, ஆனால் கையை அசைத்தால் சரக் சரக்கென்று சத்தம் போடுகிற மழைக்கோட்டு மட்டும் வேண்டாம். பழைய கம்பளி ஸ்வெட்டர் அருமையானது. மழை பெய்து ஓய்ந்த வாரம் என்றால் அட்டை இருக்கும், பேன்ட்டை காலுறைக்குள் சொருகிவிட்டு அதன் மேல் மூக்குப்பொடி தடவுங்கள். எங்கள் எஸ்டேட் ஆட்கள் செய்வது அதுதான். கடித்துவிட்டால் பிடுங்காதீர்கள், நகத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும். சென்ட், வாசனைப் பவுடர் வேண்டாம். எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியைச் சோலைக்குள் தின்ன வேண்டாம், உடைகிற சத்தமே ஊரைக் கூட்டும், தூள் விழுந்தால் குரங்கு வரும்.

இனி உட்காருவது. இதைத்தான் நான் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் போய்ச் சேருகிற வேலை, பறவை பார்ப்பது இங்கேதான் தொடங்குகிறது.

நான் முதல் இரண்டு வருடம் சோலைக்கிளியைத் தேடி நடந்தேன். நடந்தேன் என்றால் காடே அதிர நடந்தேன். பாதையோடு போவது, சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஓடுவது, புதரை விலக்குவது. ஒரு நீல வால் மறைவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் களைத்துப்போய் தேயிலைத் தோட்டமும் சோலையும் சேருகிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறிக்கப் போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, ‘என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டியா?’ என்றார். நீலக் குருவியைத் தேடுகிறேன் என்றேன். ‘அது உன்னைய விட்டுட்டு எங்க போகப்போகுது? பேசாம உக்காரு, நாங்க சாயந்திரம் ரோட்டுல போறப்ப எங்க முன்னாலதான் தத்திக்கிட்டுப் போகும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினைந்து நிமிடத்தில் அந்தக் கல்லுக்கு நாலடி தள்ளி, தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்காலில் சோலைக்கிளி வந்து நின்றது.

அதனால் செய்ய வேண்டியது இப்படி. விடிவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் இடத்துக்கு வந்துவிடுங்கள். நடுச் சோலை வேண்டாம், ஓரம் போதும். பாதையை ஓடை குறுக்கிடுகிற இடம், ரோட்டோர வடிகாலில் இலை மக்கிக் கிடக்கிற இடம், இவைதான் நல்ல இடங்கள், ஏனென்றால் சோலைக்கிளி தரையில் பூச்சி பொறுக்குகிற பறவை, வெளிச்சம் மங்கலாக இருக்கும்போது காட்டுக்குள்ளிருந்து வெட்டவெளி ஓரத்துக்கு வந்துவிட்டுப் போகும். முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ பாறையோ இருக்கும்படி உட்காருங்கள், அப்போது உங்கள் உருவம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. செல்போனை அணைத்துப் பையில் போடுங்கள், சைலன்ட் போதாது, அது அதிர்ந்தாலே நீங்கள் அசைவீர்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றும் வராது. சுற்றிலும் இருக்கிற எல்லாம் நீங்கள் வந்ததைக் கண்டு அடங்கிப் போயிருக்கும், அது திரும்பப் பழைய நிலைக்கு வர அவ்வளவு நேரமாகும். பெரும்பாலான ஆட்கள் பதினெட்டாவது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள்.

கண்ணுக்கு முன்னால் காது வேலை செய்யட்டும். இருட்டிலேயே ஓடைப் பக்கம் ஒரு ஆள் மெட்டு மறந்துபோய் சீட்டியடிப்பது மாதிரி கேட்டால் அது ஆளில்லை, சீட்டியடிக்கும் பூங்குருவி. கொஞ்சம் வெளுத்ததும் சிரிப்பான்கள் கும்பலாகச் சிரிக்கத் தொடங்கும், அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் சருகு புரளுகிற சத்தத்தையும் கவனியுங்கள். விடாமல், அழுத்தமாகக் கீறினால் காட்டுக்கோழி. இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தத்தல் என்று போனால் பைனாகுலரை மெதுவாகத் தூக்குங்கள், பூங்குருவி வகையாகவோ நம்ம ஆளாகவோ இருக்கலாம். பார்வை எப்போதும் தாழ்வாகவே இருக்கட்டும், முழங்காலுக்குக் கீழே. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வீடு திரும்புகிறவர்கள் சோலைக்கிளியைப் பார்ப்பதில்லை. அதே உயரத்தில்தான் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் இருக்கும். தலையும் சிறகும் கருப்பு, மற்றதெல்லாம் பழுத்த ஆரஞ்சு நிறம், ஒரே குச்சியில் உட்கார்ந்து ஒரே குச்சிக்குத் திரும்பி வரும், புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுமையான வாத்தியார் அது.

எட்டு மணிக்கு மேல் வெயில் மரத்தலையில் பட்டதும் நீங்களும் தலையைத் தூக்கலாம். வெள்ளைக்கண்ணி, சாம்பல்தலை ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான் எல்லாம் ஒரு கலவைக் கூட்டமாக வந்து ஐந்து நிமிடத்தில் கடந்துபோகும். நாவல் மரத்தில் பழம் இருந்தால் நீலகிரி காட்டுப்புறாவைத் தேடுங்கள், பிடரியில் சதுரங்கப் பலகை போல கருப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். நீலகிரி நெட்டைக்காலி மட்டும் சோலைக்குள் வராது, அது உச்சிப் புல்வெளிப் பறவை. அதற்கு அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் வனத்துறை வண்டியில்தான் போக முடியும். அந்தப் புல்வெளிகளை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் தின்றுகொண்டே வருவதால் அந்தப் பறவையின் தீவு நம் கண் முன்னாலேயே சுருங்குகிறது.

நீலகிரி சோலைக்கிளியை உறுதிப்படுத்துவது எளிது. மேலெல்லாம் கரும்பலகை நீலம், கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம், விலாவில் செங்கல் நிறம், வயிற்று நடுவில் வெள்ளை. விலாவைப் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், அது ஏன் என்பது கொடைக்கானல் போகும்போது புரியும்.

இதற்கு நடுவில் காட்டெருமை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இவை தேயிலைத் தோட்டத்திலும் ரோட்டிலும் சாதாரணமாக நிற்கும், சாதுவாகத் தெரியும், ஆயிரம் கிலோவுக்கு நெருங்கிய சாது. தனியாக நிற்கிற கிழட்டுக் கடாவிடம்தான் அதிக கவனம் வேண்டும். அது இருக்கிற பாதையில் ‘ஒதுங்கிப் போய்விடலாம்’ என்று முயற்சி செய்யாமல் வந்த வழியே திரும்புங்கள், அன்றைய காலை போனால் போகட்டும். கரடியும் உண்டு, அதனால் இருட்டில் தனியாக வர வேண்டாம், ஊர்க்காரர் ஒருவரைக் கூட அழைத்து வாருங்கள்.

கூட அழைத்து வருகிறவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெளியூரிலிருந்து வந்த நண்பர்களுக்காக ஒருமுறை காசு கொடுத்து ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தேன். அவர் சோலை ஓரத்தில் நின்றதும் ஸ்பீக்கரை எடுத்து சோலைக்கிளியின் பாட்டைப் போட்டார். பறவை உடனே வந்தது, எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்தியது. நண்பர்களுக்கு ஏக சந்தோஷம், ஆளுக்கு நாற்பது படம். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில், அடைகாக்கிற மாதத்தில், அது இல்லாத எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் வேறொரு குழு, அதற்கு மறுநாள் இன்னொன்று. ஆகவே ஆளை அமர்த்தும்போதே ‘பாட்டுப் போடக் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்கிற மெர்லின் போன்ற செயலியைக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளலாம், ஒலிக்க விடுவதற்கு அல்ல. அது சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம், கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள். கூடு கண்ணில் பட்டால் படம் எடுக்காமல் நகருங்கள், எங்கே என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இப்போது இரண்டாவது தீவு. நீலகிரியை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பாதிக் கதையோடு போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை வந்து, உக்கடத்தில் பழனி பஸ் பிடியுங்கள், பழனியிலிருந்து மலைப்பாதையில் கொடைக்கானல் 64 கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்காருங்கள். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவது தெரியும், கணவாய் வழியாக வருகிற காற்றுதான் அது, ஆடி மாதமென்றால் ஆளையே தள்ளும். சோலைக்கிளியால் கடக்க முடியாத கடலை டிக்கெட் எடுத்துக் கடந்துகொண்டிருக்கிறீர்கள்.

கொடைக்கானலில் வேலை இன்னும் சுலபம். ஊருக்குள்ளேயே பாம்பே சோலை இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வட்டக்கானல். பழனிச் சிரிப்பானைத் தேட வேண்டியதே இல்லை, கோக்கர்ஸ் வாக் ஓரப் புதரிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அதுவே வந்து எட்டிப் பார்க்கும். நீலகிரிச் சிரிப்பானுக்கு மார்பும் வயிறும் செம்பழுப்பு, இதற்கு மார்பு சாம்பல், புருவம் கண்ணைத் தாண்டி நீளும். இதன் அறிவியல் பெயரில் இருக்கிற ஃபேர்பேங்க், 19ஆம் நூற்றாண்டில் பழனி மலையில் பறவைகள் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, ஆனால் அனுமதி கிடைத்துக் கிளம்புவதற்குள் விடிகாலை போய்விடும் என்பதால் சோலைக்கிளிக்கு அது தோதுப்படாது. வட்டக்கானலுக்கு சனி ஞாயிறில் போகாதீர்கள், காரணம் போனவர்களுக்குத் தெரியும்.

என் மனைவியின் தம்பி கொடைக்கானலில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான். பறவை என்றால் கோழி ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். வற்புறுத்தி ஒரு காலை கூட்டிப் போனேன், நாற்பது நிமிடம் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதை ஓரத்தில் நீலமாக ஒன்று தத்தி வந்ததும் நான் பைனாகுலரைத் தூக்குவதற்குள் அவன் என் கையை அழுத்தினான். ‘மாமா, உங்க ஊருக் குருவிக்கு விலாவுல செங்கல் கலரு இருக்கும்னீங்களே, இதுக்கு அது இல்லையே, வெறும் நீலந்தான, வயிறு மட்டும்ல வெள்ளையா இருக்கு?’

பறவை போன பிறகு மெதுவாகத் தலையாட்டினேன். அவன் கடை திறக்க நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை.